ஓசியல்ல, உரிமை!

காலையில் தொழிலாளி புறப்படுகிறான். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஒரு பஸ். அந்தியில் வீடு திரும்ப ஒரு பஸ். நூல் பிடித்தாற்போல் நேர்வழி! வீட்டில் வண்டி ஒன்று இருந்தால், அதுவும் அவனுக்கே!

அவன் துணைவியின் பயணமோ? பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும். நாலு வீட்டு வேலைக்கு ஓட வேண்டும். இடையிலே ரேஷன் கடை, காய்கறிக் கடை. மாமியாருக்கு நோய் கண்டால் ஆஸ்பத்திரி வரிசை. இடுப்பில் குழந்தை, கையில் பை. ஏறுவாள், இறங்குவாள், நடப்பாள், மீண்டும் ஏறுவாள். தூரம் கொஞ்சம், துண்டுகள் அதிகம். துண்டுக்கு ஒரு டிக்கெட்!

காலை, மாலை ஆலை நேரத்துக்கு வண்டிகளை அடுக்கி, பகல் பதினோரு மணிக்கு அவளை வெயிலில் காக்கவைத்த நகரம், யாரை நினைத்துத் திட்டம் தீட்டியது?

2021 மே 7-ஆம் நாள் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற மு.க.ஸ்டாலின் இட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்பது. டில்லி 2019-லேயே தொடங்கியது. கர்நாடகமும் தெலங்கானாவும் 2023-இல் தொடர்ந்தன. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமானதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கூறிற்று. சீமாட்டிக்கு அது சில்லறை. சித்தாள் வேலை செய்பவளுக்கோ அது அரிசி, அது பள்ளி நோட்டு!

"ஓசிப் பயணம்" என்று ஏளனம் பேசினர் சிலர். சம்பளமின்றிச் சமைத்தவள் ஓசியா? கூலியின்றிக் குழந்தை வளர்த்தவள் ஓசியா? ஊருக்கே ஓசியாய் உழைத்தவளுக்கு, ஊர் திருப்பித் தந்த சிறு பாக்கியன்றோ அது! பஸ்சுக்குக் காசு கேட்டுக் கணவன் முன் கை நீட்டிய நிலை ஒழிந்ததே, அதன் மதிப்பை எந்தக் கணக்கன் எழுதுவான்?

ஆனால் தோழர்களே, டிக்கெட்டோடு கடமை தீர்ந்துவிடவில்லை. பகலிலும் பஸ் வேண்டும்; நிறுத்தத்தில் நிழல் வேண்டும், இரவில் விளக்கு வேண்டும். கைகாட்டினால் வண்டி நிற்க வேண்டும். இவற்றை அரசிடம் கேட்போம்.

நம்மிடமும் ஒன்று கேட்போம்: நமக்கு இரண்டு பயணம், அவளுக்கு ஆறு பயணம் ஏன்? ரேஷன் பையும் பிள்ளையின் கையும் நம் கைக்குப் பாரமா? கட்டணத்தை அரசு குறைக்கலாம். அவள் சுமையைக் குறைக்க வேண்டியவர்கள் நாம்!