ஆய்வின் பயன் யாருக்கு?

பல்கலைக்கழகத்தில் அறிவும் ஆய்வுக்கூடமும் உண்டு. தொழில் நடத்துவோரிடம் பொருளும் பட்டறிவும் உண்டு. இவை ஒன்றுசேர்ந்தால் நன்மை விளையும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நன்மை யாரைச் சென்றடையும் என்பதை முன்னரே வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். அமெரிக்காவிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் இதனை நன்கு விளக்கும்.

விஸ்கான்சின் பால்வளம் மிக்க மாநிலம். முற்காலத்தில் அங்கு வெண்ணெய்ச் சாலைகள் பாலை நிறுத்தே விலை கொடுத்தன. நீர் கலந்தவருக்கும் கொழுப்பு மிகுந்த பாலைக் கொணர்ந்தவருக்கும் ஒரே விலை! 1890-இல் பேராசிரியர் ஸ்டீபன் பாப்காக் எளிய சோதனை ஒன்றை வகுத்தார். பாலுடன் கந்தக அமிலம் சேர்த்துச் சுழற்றினால், கொழுப்பு பிரிந்து, அளவுக்கோடிட்ட புட்டியின் கழுத்தில் வந்து நிற்கும். இதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. எனவே சிறிய சாலைகளும் கட்டணமின்றி இதனைக் கைக்கொண்டன. நேர்மையான உழவருக்கு நியாய விலை கிடைத்தது.

பின்னர் அங்கேயே ஹாரி ஸ்டீன்பாக், புற ஊதாக் கதிர்களால் உணவில் வைட்டமின் டி உண்டாவதைக் கண்டறிந்து, காப்புரிமை கோரினார். அதனை நிருவகிக்க 1925-இல் ஓர் ஆய்வு நிதியம் அமைந்தது. 1927-இல் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றது. வருவாய் மீண்டும் ஆய்வுக்கே பயன்பட்டது, இது போற்றத்தக்கதே. ஆயினும், வெண்ணெய்த் தொழிலைக் காக்கக் கருதி, ஏழைகள் உண்ணும் மார்கரினுக்கு இம்முறையை அளிக்க நிதியம் இசையவில்லை. வைட்டமின் டி குறைவால் குழந்தைகளின் எலும்பு வளைந்துவிடும் என்பதை எண்ணும்போது, இம்மறுப்பின் கொடுமை விளங்கும். 1945-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்காப்புரிமைகள் செல்லா எனத் தீர்ப்பளித்தது.

காப்புரிமை பெறுவது தவறன்று. பெறாமலிருப்பது மட்டுமே அறமுமன்று. உடன்பாட்டின் நிபந்தனைகளே முக்கியம். சங்கத்தின் நிலத்தையோ தறியையோ ஆய்வுக்கு அளிக்குமுன் அங்கத்தினர்கள் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

கண்டுபிடிப்பு யாருக்கு உரியது? முடிவு பாதகமாயினும் வெளியிடப்படுமா? சோதனையில் நட்டம் நேர்ந்தால் ஈடு செய்வது யார்? சிறு தொழிலாளரும் தாங்கத்தக்க கட்டணத்தில் பயனைப் பெறுவரா?

விடைகள் எழுத்தில் அமைந்த பின்னரே கையொப்பமிடுக. விதைக்குமுன் வரப்பை வரையறுப்பவன், அறுவடையின்போது வழக்காட நேராது.