ஒரு விசை மட்டும் ஏன் உழைக்கவில்லை?

பள்ளிக்கான கட்டுரையை மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ‘மரம்’ என்று அடித்தால் திரையில் ‘மரம’ என்று வருகிறது. மற்ற எழுத்துகளெல்லாம் ஒழுங்காக விழுகின்றன. புள்ளி மட்டும் விழ மறுக்கிறது. தமிழ்99 முறையில் புள்ளிக்கு உரிய இடம் ஆங்கில ‘எஃப்’ விசை. அது படுத்துவிட்டால் தமிழ் எழுதுவது எப்படி? விசைப்பலகையையே மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். பணத்தை எடுத்து வைக்குமுன் அந்த விசைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போமா?

அதற்குப் பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுத்தறி ஒன்றை மனத்தில் கொண்டு வாருங்கள். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய இழைகள் பாவு. நாடா குறுக்கே கொண்டு செல்லும் இழை ஊடை. மடிக்கணினியின் விசைகளுக்கு அடியிலும் ஏறக்குறைய இதே அமைப்புதான்! பெரும்பாலான மடிக்கணினிகளில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் மூன்று இருக்கும். மேல்தாளில் நெடுக்காகவும் கீழ்த்தாளில் குறுக்காகவும் மின்கடத்தும் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டும் தொடாதபடி நடுத்தாள் தடுக்கிறது. விசைக்கு நேரே மட்டும் அதில் துளை உண்டு. விசையை அழுத்தினால் ரப்பர் குமிழ் அமுங்கி, துளை வழியே மேல்கோடு கீழ்கோட்டைத் தொடும். ஒரு சிறு சில்லு ஒவ்வொரு கோடாக, நொடிக்குப் பல முறை, மின்னோட்டம் விட்டுப் பார்த்து எந்தச் சந்திப்பு மூடியது என்று கண்டுபிடிக்கிறது.

இதில் சிக்கனத்தைக் கவனியுங்கள். 16 நெடுக்குக் கோடுகளும் 8 குறுக்குக் கோடுகளும் இருந்தால் சந்திப்புகள் 128. வெறும் 24 கம்பிகளே போதும்! (தறிக்கும் கணினிக்கும் உறவு பழையதுதான். 1804-இல் பிரான்சின் ஜக்கார்டு தம் தறியில் பயன்படுத்திய துளையட்டையே பிற்காலத்தில் கணினிகளுக்கும் செய்தி ஊட்டியது.)

பாவில் ஓர் இழை அறுந்தால் துணியின் நீளவாக்கில் குறை ஓடும். ஊடை தவறினால் குறுக்கே விழும். குறையின் வடிவத்தைக் கொண்டே நெசவாளர் காரணத்தை அறிவார். நீங்களும் அப்படியே செய்யலாம். எல்லா விசைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி, உழைக்காதவற்றைத் தாளில் குறியுங்கள். ஒன்றே ஒன்று என்றால் கோளாறு அந்த இடத்திலேயே இருக்கிறது: தூசு, பட்டுப் பிசிறு, தின்பண்டத் துணுக்கு, அல்லது உடைந்த குமிழ். நாலைந்து விசைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போயிருந்தால் ஒரு கோடு அறுந்திருக்கும், அல்லது பலகையைக் கணினியோடு இணைக்கும் நாடாக்கம்பி கழன்றிருக்கும். இந்தக் கோடுகள் விசைகளின் வரிசைப்படி செல்வதில்லை. ஆகையால் சிதறிக் கிடப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

எழுத்துக்குப் பதில் எண் விழுகிறதா? பழுதே இல்லை, சில கணினிகளில் ‘நம் லாக்’ விசை செய்யும் வேலை அது. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது மூன்றாவது பதியாவிட்டாலும் பயப்பட வேண்டாம். ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகள் மூடினால் நான்காவதும் மூடியதுபோல் சில்லுக்குத் தோன்றும். அந்தப் பொய் எழுத்தைத் தவிர்க்கவே சில்லு மௌனம் காக்கிறது.

தூசுதான் காரணம் என்றால், கணினியை நிறுத்தி, மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டுச் சாய்த்துப் பிடித்து மெல்லத் தட்டுங்கள். புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் காற்றுப் பந்தால் விசையைச் சுற்றி ஊதுங்கள். வாயால் ஊதினால் ஈரம் உள்ளே போகும். விசையின் மூடியைக் கத்தியால் நெம்பாதீர்கள்; அடியிலுள்ள கத்தரிக்கோல் போன்ற பிளாஸ்டிக் கால்கள் எளிதில் ஒடிந்துவிடும். தேநீர் கொட்டியிருந்தால் உடனே நிறுத்துங்கள். காய்ந்த பிறகும் சர்க்கரைப் பிசுபிசுப்பு தங்குமாதலால் அது பழுதுபார்ப்பவர் வேலை.

கட்டுரையை நாளைக்கே கொடுக்க வேண்டுமா? யு.எஸ்.பி. விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்கிச் செருகுங்கள். அதில் புள்ளி விழுந்தால் மென்பொருளில் குற்றமில்லை என்பதும் உறுதியாகிவிடும். அதுவும் கிடைக்காவிட்டால் திரையிலேயே விசைப்பலகையை வரவழைத்து, புள்ளியை மட்டும் சுட்டியால் தட்டிக்கொள்ளலாம்.