கால் தமனியில் கரையும் தாங்குகுழல்

நீரிழிவு நோய் நெடுநாள் நீடித்தவர்களுக்கும், பீடி, சிகரெட் பழக்கமுடையவர்களுக்கும் காலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகள் உட்புறம் கொழுப்பும் சுண்ணமும் படிந்து குறுகிவிடுவதுண்டு. முதலில் சிறிது தூரம் நடந்ததும் ஆடுசதை பிடித்து வலிக்கும், நின்றால் தணியும். நோய் முற்றினால் படுத்திருக்கும்போதும் பாதம் நோகும். விரலில் உண்டான புண் ஆறாமல் கறுக்கும். முடிவில் காலையே எடுக்க நேரிடும்.

1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், காலை எடுக்க இணங்காத 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைத் தமனியினுள் டாக்டர் சார்லஸ் டாட்டர் மெல்லிய குழல்களைச் செலுத்தி, குறுகிய இடத்தை விரித்தார். கால் பிழைத்தது. பின்னர் இம்முறைக்குப் பலூன் பயன்படலாயிற்று. ஆனால் பலூனால் விரிந்த தமனி சில மாதங்களில் மீண்டும் சுருங்கிவிடுவதுண்டு. இருதயத் தமனிகளில் இதைத் தடுக்க ‘ஸ்டென்ட்’ எனப்படும் உலோக வலைக்குழலை நிலையாக வைத்துவிடுகின்றனர். முழங்காலுக்குக் கீழுள்ள தமனிகளோ சில மில்லிமீட்டர் அகலமே உடையவை. அவற்றில் என்றென்றும் தங்கிவிடும் உலோகம், பின்னாளில் வேறு சிகிச்சை தேவைப்பட்டால் இடையூறாகும்.

ஆகவே, வேலை முடிந்ததும் கரைந்துவிடும் தாங்குகுழலை விஞ்ஞானிகள் நாடினர். தயிரைப் புளிக்கச் செய்யும் லாக்டிக் அமிலத்தின் மூலக்கூறுகளைச் சங்கிலிபோல் கோத்தால் உறுதியான ஒரு பிளாஸ்டிக் கிடைக்கிறது. உடலின் நீர் அச்சங்கிலியைச் சிறிது சிறிதாக அறுக்கிறது. எஞ்சுவது கரியமில வாயுவும் நீருமே. மேலே பூசப்பட்ட மருந்து, தமனியின் உட்புறத்தில் திசு மிகுந்து வளர்வதைத் தடுக்கிறது.

இவ்வகைக் குழல் முதலில் இருதயத்திற்கே பரவலாகப் பயன்பட்டது. அங்கு இரத்தம் உறைந்து அடைக்கும் அபாயம் கூடுதலாகக் காணப்பட்டதால் ‘அப்சார்ப்’ என்னும் குழலின் விற்பனை 2017இல் நிறுத்தப்பட்டது. அதன் கம்பிகள் தடித்தவை. பின்னர் மெல்லிய கம்பிகளுடன் முழங்காலுக்குக் கீழே வைப்பதற்கென ‘எஸ்ப்ரிட்’ செய்யப்பட்டது. 261 நோயாளிகளிடம் நடந்து 2023இல் வெளியான சோதனையில், ஓராண்டு முடிவில் காலிழப்போ, தமனி அடைப்போ, மறுசுருக்கமோ, மறுசிகிச்சையோ இன்றியிருந்தோர் குழல் வைத்தவர்களுள் 74 சதவிகிதம். பலூன் மட்டும் பெற்றவர்களுள் 44 சதவிகிதம். 2024 ஏப்ரலில் அமெரிக்க அரசு இதை அனுமதித்தது. எனினும் ஓராண்டு என்பது குறுகிய காலமே. மேலும், கணுக்காலை ஒட்டிய பகுதிக்கு இச்சோதனையின் முடிவு பொருந்தாது.

எத்தகைய குழலாயினும் திசு மடிவதற்கு முன் நோயாளி வந்து சேர்ந்தால்தான் முழுப்பயன் தரும். மும்பையில் கோவண்டி, செம்பூர் வட்டாரங்களில் வீடு வீடாகச் செல்லும் ஊழியர்கள், நீரிழிவுடையோரின் செருப்பைக் கழற்றச் சொல்லி விரலிடுக்குகளைப் பார்த்தல் நலம். கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்த எண் 0.9க்குக் குறைந்தால் தமனி குறுகியிருக்கக்கூடும். ஆனால் நீரிழிவில் தமனிச் சுவர் சுண்ணமேறி இறுகுவதால் இவ்வெண் பொய்யாக உயர்ந்து காட்டுவதுண்டு. எண் சரியாயிருப்பினும் ஆறாத புண்ணுடையவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.