சுவர் ஓவியத்தை போன்ல எடுத்தா ஏன் சாய்ஞ்சு தெரியுது? நேராக்குவது எப்படி?

பொன்னமராவதி மாதிரி ஊர்களில் சுவர் ஓவியத்துக்குப் பஞ்சமே இல்லை. பள்ளிக்கூட காம்பவுண்டில் தேசியக் கொடி, சுகாதார நிலையச் சுவரில் டெங்கு கொசு, கடைச் சுவரில் சிமென்ட் விளம்பரம், கட்சித் தலைவர்களின் முகங்கள் என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

ஆனால் எதுவும் நிலைக்காது. வெயிலும் மழையும் நிறத்தைத் தின்றுவிடும். தேர்தல் அறிவிப்பு வந்தால் பொதுச் சுவர்களில் இருக்கும் கட்சி எழுத்துகள் மேல் சுண்ணாம்பு ஏறும். சாலையை அகலப்படுத்தினால் சுவரே இருக்காது. அதன்பிறகு மிஞ்சுவது யாரோ ஒருவர் போனில் எடுத்த போட்டோ மட்டும்தான். வரைந்த பெயின்டருக்கும் அதுதான் சாட்சி. அடுத்த வேலை கேட்கப் போகும்போது அந்தப் படத்தைத்தானே காட்டப் போகிறார்? அது கோணலாக இருந்தால், பார்ப்பவருக்கு அவர் கை கோணல் என்றுதான் தோன்றும்.

ஏன் கோணலாக வருகிறது?

பலரும் லென்ஸ் மேல் பழி போடுகிறார்கள். லென்ஸ் காரணமே இல்லை. போனும் சுவரும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்வரை, சுவரில் உள்ள சதுரம் படத்திலும் சதுரமாகவே விழும். போனை லேசாக மேல்நோக்கிச் சாய்த்த உடனே சுவரின் மேல்பகுதி சுருங்கிவிடும், பக்கக் கோடுகள் கூம்பு மாதிரி குவியும். பக்கவாட்டில் நின்று எடுத்தாலும் இதே கதைதான். தூரத்து முனை சின்னதாகிவிடும்.

நேர்க்கோடு வில் மாதிரி வளைந்து தெரிந்தால் மட்டும் அது லென்ஸ் கோளாறு. 0.5 என்று காட்டும் அல்ட்ரா வைட் கேமராவில் இது அதிகம் வரும். ஓவியத்துக்கு அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

சாய்க்காமலே முழுச் சுவரையும் எடுக்க முடியுமா?

முடியும். பெரும்பாலான போன்களின் 1x கேமராவில், 10 அடி தள்ளி நின்றால் படத்தின் நீளவாட்டில் சுமார் 13 முதல் 14 அடி வரை அடங்கும். போனை நெட்டாக, 5 அடி உயரத்தில், சுவருக்கு இணையாகப் பிடியுங்கள். 10 அடி காம்பவுண்ட் சுவர் அடியிலிருந்து உச்சிவரை வந்துவிடும். கீழே கொஞ்சம் சாலையும் வரும், அதை கிராப் செய்துவிடலாம். அவ்ளோதான். ‘தரை அநாவசியமா வருதே’ என்று போனை மேலே தூக்குவதில்தான் பாதி கோணல் பிறக்கிறது.

மாடிக் கட்டடம் என்றால் கணக்கு மாறும். சென்னை கண்ணகி நகரில் 2020-ல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு குடியிருப்புச் சுவர்களில் வரைய வைத்த பெரிய ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி 30 அடி உயரச் சுவரை சாய்க்காமல் எடுக்க, 35 முதல் 40 அடி பின்னால் போக வேண்டும். இடமில்லை என்றால் சாய்த்தே எடுங்கள். ஆனால் நான்கு பக்கமும் தாராளமாக இடம் விடுங்கள். பிறகு நேராக்கும்போது ஓரங்கள் வெட்டுப்படும்.

தெருவே குறுகலாக இருந்தால்?

இந்தத் தலைவலி புதிதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் அவை இருப்பதை 1931-ல் கண்டறிந்தவர் எஸ்.கே.கோவிந்தசாமி. அந்தச் சுற்று ஒடுக்கமானது. பின்னால் போக இடமே கிடையாது. முழு ஓவியத்தையும் ஒரே பார்வையில் பார்க்க அங்கே நிற்பவராலேயே முடியாது.

அப்படிப்பட்ட இடத்தில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவதே வழி. சுவரிலிருந்து ஒரே தூரத்தில், பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து ஒரு படம், மறுபடி இரண்டடி நகர்ந்து ஒரு படம். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்காவது திரும்ப வரட்டும். கம்ப்யூட்டரில் ‘ஹுகின்’ என்ற இலவச மென்பொருள் இவற்றை ஒட்டித் தரும். போனில் உள்ள பனோரமாவை நம்பாதீர்கள். நின்ற இடத்திலேயே உடம்பைத் திருப்பினால் சுவர் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும்.

எடிட்டிங்கில் நேராக்குவது எப்படி?

ஸ்னாப்சீடு செயலியில் ‘பெர்ஸ்பெக்டிவ்’ என்ற கருவி இருக்கிறது. அதில் ‘ஃப்ரீ’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ஓவியத்தின் நான்கு மூலைகளும் நேர்க்கோணத்துக்கு வரும்வரை இழுக்கலாம். ஐபோனில் கிராப் பக்கத்திலேயே செங்குத்து, கிடைமட்டம் என்று தனித்தனி ஸ்லைடர்கள் உண்டு. கம்ப்யூட்டர் இருந்தால் ஜிம்ப் இலவசம்தான். கோடுகள் வளைந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு, பிறகு சாய்வுக்கு வாருங்கள்.

இரண்டு இடத்தில் கவனம் தேவை.

முதலாவது, நீள அகலம். மூலைகளை இழுத்துச் செவ்வகமாக்கிவிட்டால் ‘சரியாயிடுச்சு’ என்று தோன்றும். ஆனால் நிஜச் சுவர் எவ்வளவு நீளம் என்பது செயலிக்குத் தெரியாது. அதனால்தான் திருத்திய படத்தில் திருவள்ளுவர் திடீரென்று குண்டாகிவிடுகிறார். படம் எடுக்கும்போதே டேப் வைத்து அளந்துவிடுங்கள், டேப் இல்லையென்றால் காலடியால் அளங்கள். சுவர் 20 அடி நீளம், 8 அடி உயரம் என்றால் படம் 4000-க்கு 1600 பிக்சல் என்ற விகிதத்தில் வர வேண்டும். அளக்க மறந்திருந்தால் ஓவியத்தில் வட்டமான எதையாவது பாருங்கள். தேசியக் கொடியின் சக்கரம் முட்டை வடிவத்தில் தெரிந்தால் விகிதம் தப்பு.

இரண்டாவது, வெற்று மூலைகள். படத்தை இழுக்கும்போது ஓரத்தில் காலியிடம் விழும். ஸ்னாப்சீடு ‘ஸ்மார்ட்’ என்ற முறையில் அதைத் தானாக நிரப்பும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே நிரம்புவது ஓவியர் வரையாத ஒன்று! பதிவுக்காக எடுக்கும் படத்தில் வெள்ளை அல்லது கருப்பு நிரப்பலைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் வெட்டிவிடுங்கள். ஏஐ கருவிகளுக்கும் இதே எச்சரிக்கைதான். மங்கிய தமிழ் எழுத்தை அவை தங்கள் இஷ்டத்துக்கு எழுதிவிடும்.

எவ்வளவு கோணலையும் சரிசெய்ய முடியுமா?

வடிவத்தைச் சரிசெய்யலாம், தெளிவைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஒரு முனை 10 அடியிலும் மறுமுனை 20 அடியிலும் இருக்கும்படி பக்கவாட்டில் எடுத்தால், தூர முனையின் எழுத்து உயரம் பாதியாகத்தான் பதிவாகும். எடிட்டிங்கில் அதை இரண்டு மடங்காக இழுக்கும்போது கலங்கலாகிவிடும். அதனால் நேராக நிற்க ஒரு நிமிடம் செலவழிப்பது, பிறகு அரை மணி நேரம் போனைத் தேய்ப்பதைவிட லாபம்.

வெளிச்சமும் முக்கியம். எனாமல் பெயின்ட் வெயிலில் பளபளக்கும். கிழக்கு பார்த்த சுவரை மாலையிலும், மேற்கு பார்த்த சுவரைக் காலையிலும் எடுத்தால் நிறம் சீராக வரும்.

போட்டோவை வைத்துச் சுவரை அளக்கும் யோசனை வந்ததே ஓர் ஆபத்தில்தான். ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் 1858-ல் தேவாலயத்தை ஏறி அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மைடன்பவர் கீழே விழப் பார்த்தார். உயிர் தப்பியவருக்குத் தோன்றியது, ‘ஏறாமலே போட்டோவிலிருந்து அளந்தால் என்ன?’ என்பது. கட்டடங்களைப் போட்டோ மூலம் அளந்து ஆவணப்படுத்த 1885-ல் பிரஷ்ய அரசு அவர் தலைமையில் தனி நிறுவனமே தொடங்கியது. இன்று நாம் விரலால் மூலையை இழுப்பதும் அதே வடிவக் கணக்குதான்.

படத்தை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாமா?

பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள சிலைகளைப் படமெடுத்து வெளியிட, 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவில் விலக்கு தருகிறது. அந்த விலக்கில் ஓவியங்கள் சேரவில்லை. காலண்டர், விளம்பரம் என்று காசு வரும் வேலைக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் வரைந்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

அவரை எங்கே தேடுவது? சுவரின் கீழ் மூலையைப் பாருங்கள். நம்மூர் பெயின்டர்கள் பெரும்பாலும் ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும் பெயரும் செல் நம்பரும் எழுதியிருப்பார்கள். நேராக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் அந்த மூலைதான். கிராப் கோட்டை அதற்கு வெளியே நிறுத்துங்கள்.