பாதியில் நிறுத்திய துரு

நியூயார்க்கின் பார்க் அவென்யூவில் 38 மாடிகளோடு நிற்கிறது சீகிராம் கட்டடம். 1958-இல் கட்டி முடித்தார்கள். அதன் முகப்பில் கீழிருந்து உச்சிவரை ஓடும் கரும்பழுப்புச் சட்டங்கள் எல்லாம் வெண்கலம். மொத்தம் சுமார் 1,500 டன். அந்த நிறம் மாறாமல் இருக்க, ஆண்டுதோறும் சட்டங்களைத் துடைத்து எண்ணெய் பூசுகிறார்கள். ஆம், 157 மீட்டர் உயரக் கட்டடத்துக்கு எண்ணெய்!

இதில் வேடிக்கை, அந்தச் சட்டங்கள் எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை. உண்மையில் தாங்குபவை உள்ளே இருக்கும் எஃகுத் தூண்கள். தீ விபத்தில் எஃகு தளர்ந்துவிடும் என்பதால் அவற்றைக் கான்கிரீட்டால் மூடச் சொன்னது கட்டட விதி. மூடிய எலும்புக்கூட்டின் சாயலை வெளியே காட்ட வேண்டும் என்று விரும்பினார் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ. அதற்குத்தான் இவ்வளவு உலோகம். வெண்கலம் என்று பெயரே தவிர, செம்போடு நிறையத் துத்தநாகம் சேர்ந்த கலவை அது. நம் ஊர்ப் பாத்திரக் கடைக்காரர் பித்தளை என்றுதான் எடை போடுவார்.

எண்ணெய் பூசாமல் விட்டால் என்ன ஆகும்? விடை அதே ஊரின் துறைமுகத்தில் நிற்கிறது. 1886-இல் திறந்தபோது சுதந்திர தேவி சிலை செம்பு நிறத்தில்தான் இருந்தது. செம்புத் தகட்டில் முதலில் ஆக்சிஜன் ஒட்டிச் செம்பழுப்பு ஆக்சைடு படிந்தது. அது மெல்லக் கறுத்தது. பிறகு மழையும் புகையில் வந்த கந்தகமும் கடல் உப்பும் சேர்ந்து பச்சைக் களிம்பை உண்டாக்கின. 1920 வாக்கில் சிலை முழுக்கப் பச்சை. தகட்டின் கனம் வெறும் 2.4 மில்லிமீட்டர், அதை இத்தனை காலம் காத்து வருவது அந்தக் களிம்புதான். சீகிராமில் நடப்பது, இதே பயணத்தைப் பழுப்பு நிற நிலையத்தில் பிடித்து நிறுத்தும் வேலை. எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை ஈரம் உலோகத்தைத் தொடாது.

இரும்பின் கதை இன்னும் சுவையானது. இரும்புக்கு இரண்டு துரு உண்டு. செந்துரு பொருபொருவென்று உப்பி உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளிப்பட்டு மறுபடி துருவேறும். மற்றது கருந்துரு, அதாவது மேக்னடைட். பூமியில் கிடைக்கும் காந்தக்கல்லும் இதே பொருள்தான். இது உதிராது, இரும்பை இறுகப் பற்றிக்கொள்ளும். கறுப்பு இரும்புக் கதவு, கைப்பிடி, மாடிப்படிக் கம்பி செய்பவர்கள் இந்த இரண்டாம் துருவை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள்.

எப்படி? காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் ஏராளமாகக் கரைந்த நீரில் இரும்பை முக்குவார்கள். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். இவ்வளவு உப்பு கரைந்த நீரோ ஏறக்குறைய 140 டிகிரி வரை கொதிக்காமல் தாக்குப்பிடிக்கும். நீர் ஆவியாக ஆகக் கரைசல் கெட்டியாகி, கொதிநிலை ஏறும். அளவு மீறினால் கறுப்புக்குப் பதில் செம்பழுப்பு அழுக்கு படியும். ஆகவே வேலைக்காரர் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்துக் கொதிநிலையைப் பிடித்து வைப்பார். அவசரப்பட்டு ஊற்றினால் கொதிக்கும் காரம் முகத்தில் தெறிக்கும்! அரை மணி நேரத்துக்குள் இரும்பு கறுத்து வெளியே வரும்.

அந்தக் கறுப்பின் கனம் ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதிலும் நுண்துளைகள் நிறைய. தனியே விட்டால் அதன் வழியே ஈரம் புகுந்து செந்துரு தலைகாட்டும். எண்ணெயோ மெழுகோ அந்தத் துளைகளில் இறங்கினால்தான் கறுப்பு நிலைக்கும். எண்ணெய் தேய்த்துப் பழக்காத தோசைக்கல்லைக் கழுவி ஈரத்தோடு வைத்துவிட்டால் மறுநாள் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

துருவையே சட்டையாக அணிந்து வெயிலிலும் மழையிலும் நிற்கும் எஃகும் உண்டு. 1933-இல் அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் கொண்டுவந்த கார்டென் எஃகில் செம்பும் குரோமியமும் சிறிதளவு இருக்கும். அதனால் மேலே படியும் துரு அடர்த்தியாக இறுகிவிடும். இல்லினாயில் 1964-இல் திறந்த ஜான் டீர் நிறுவனத்தின் தலைமையகம் இதில் கட்டியதுதான். ஆனால் நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால்தான் துரு இறுகும். கடலோர உப்புக்காற்று அதற்கு ஆகாது. சென்னைக் கடற்கரைச் சாலையில் வீடு கட்டுபவர் கார்டென் கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில்.

வீட்டுக்குள் வரும் கரும்பழுப்புக் கைப்பிடிகளும் குழாய்களும் பல வகை. சிலவற்றில் செம்பு முலாம் பூசி, கந்தகக் கரைசலில் கறுக்க வைத்து, விளிம்புகளில் மட்டும் தேய்த்துச் செம்பைக் காட்டியிருப்பார்கள். மேலே இருப்பது வெறும் படலம். போர் தண்ணீர் உலர்ந்து வெள்ளைப் புள்ளி விழுந்ததும் நம் கை தானாகப் புளியையோ எலுமிச்சையையோ தேடும். குத்துவிளக்குக்கு அது சரி. புளியின் அமிலம் ஆக்சைடைக் கரைத்துத்தான் பித்தளையைப் பளபளக்க வைக்கிறது. கறுப்புக் கைப்பிடியில் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதே அந்தப் படலத்தைத்தான்! குளியலறைத் தரைக்கு ஊற்றும் ஆசிட் இன்னும் மோசம்; கைப்பிடியில் படவே வேண்டாம், ஆவி போதும், கறுப்புக் கீலில் செந்துரு பூக்க.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மென்மையான துணியில் லேசான சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடையுங்கள். உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். கம்பி நாரும் பாலிஷும் அருகே வர வேண்டாம். கறுப்பு இரும்பாக இருந்தால் ஆண்டுக்கு ஓரிரு முறை மெழுகு தடவி, துணியால் தேய்த்துவிடுங்கள். புதுக் கைப்பிடி மாட்டிய அன்றே, வீட்டைத் துப்புரவு செய்ய வருபவரிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது.