கிடைக்காத டிக்கெட்டுக்கு 1,229 கோடி

2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. ஒரு கோடியே 6 லட்சம் பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். முதல் மாதப் பணம் ஏறிய கையோடு புகார்களும் கிளம்பின. வந்த ஆயிரத்தில் ஒரு பகுதியைச் சில வங்கிகள் பிடித்துக்கொண்டன. கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை, அதற்கான பழைய பாக்கி என்றார்கள். உதவித் தொகையில் கைவைக்கக் கூடாது என்று நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட வேண்டியதாயிற்று. பிடித்தம் செய்யப்பட்டவர்கள் 1100 என்ற எண்ணில் புகார் சொல்லலாம் என்றும் அறிவித்தார்கள்.

அந்தப் பெண்கள் வங்கியிடம் கடன் வாங்கவில்லை. காசோலை கொடுத்து ஏமாற்றவும் இல்லை. கணக்கில் பணம் இல்லை, அவ்வளவுதான். இருந்திருந்தால் அபராதமே கிடையாது. இல்லாதவர்களிடம் மட்டுமே வசூலாகும் கட்டணம் இது.

பால் விலை அரை லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏறினால் டீக்கடையில் சண்டை நடக்கும். 2018 ஜனவரியில் பஸ் கட்டணம் ஏறியபோது மாணவர்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். அங்கே காசு கொடுத்தால் பாலாவது கிடைக்கிறது, பஸ்ஸாவது ஓடுகிறது. எதையும் வாங்காமலே நாம் கட்டுகிற பணம் ஒன்று இருக்கிறது. 15 ரூபாய், 23 ரூபாய், 60 ரூபாய் என்று குறுஞ்செய்தியாக வந்து போகும். மறியல் செய்ய ஒரு பஸ் டிப்போகூட அதற்குக் கிடையாது. கோடிகளில் கூட்டிப் பார்த்தால்தான் அதன் உயரம் தெரிகிறது.

வங்கியிலிருந்தே ஆரம்பிப்போம். 2023 ஆகஸ்டில் மாநிலங்களவையில் மத்திய அரசு ஒரு பதில் கொடுத்தது. பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் 2018 முதல் மூன்று வகைக் கட்டணங்களில் மட்டும் வசூலித்தவை இவை:

குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு: 21,044 கோடி ரூபாய்
இலவச வரம்பைத் தாண்டிய ஏடிஎம் பயன்பாட்டுக்கு: 8,289 கோடி
எஸ்எம்எஸ் அனுப்பியதற்கு: 6,254 கோடி
மொத்தம்: 35,587 கோடி

எஸ்எம்எஸ் அனுப்பிச் சம்பாதித்த 6,254 கோடியைப் பார்த்துத்தான் பலரும் சிரித்தார்கள். கவனிக்க வேண்டியது முதல் வரி. மொத்தத்தில் 59 சதவீதம் அது. ஏடிஎம்மில் பணமாவது வருகிறது, எஸ்எம்எஸ்ஸில் செய்தியாவது வருகிறது. 21,044 கோடிக்கு வாடிக்கையாளர் பெற்றது ஒன்றுமில்லை.

பொதுத்துறை வங்கிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து ஆண்டுகளில் 8,495 கோடி. கடைசி ஆண்டில் மட்டும் 2,331 கோடி. அதற்கு முந்தைய ஆண்டு 1,855 கோடி. ஒரே ஆண்டில் நாலில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. அந்தக் கடைசி ஆண்டில் பஞ்சாப் நேஷனல் பேங்க் 633 கோடி, பேங்க் ஆஃப் பரோடா 387 கோடி, சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட இந்தியன் வங்கி 369 கோடி வசூலித்தன. நாட்டிலேயே மிகப் பெரிய வங்கியான ஸ்டேட் வங்கி அந்த ஆண்டுப் பட்டியலில் இல்லை. அது இல்லாமலே இவ்வளவு.

ஸ்டேட் வங்கி ஏன் இல்லை என்பது தனிக் கதை. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பிறகு 2017 ஏப்ரலில் அது இந்த அபராதத்தை மீண்டும் கொண்டுவந்தது. பெருநகரக் கணக்குகளில் 5,000 ரூபாய் இருக்க வேண்டும் என்றது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் நவம்பர் வரை வசூலான அபராதம் 1,772 கோடி. அதே ஆண்டு ஜூலை–செப்டம்பர் காலாண்டில் அந்த வங்கியின் நிகர லாபம் 1,582 கோடி. கடன் கொடுத்து, வட்டி வாங்கி, நாடு முழுக்கக் கிளை நடத்திக் காலாண்டில் ஈட்டிய லாபத்தைவிட, ஏழைகளின் காலிக் கணக்கு எட்டு மாதத்தில் அதிகம் கொடுத்திருக்கிறது. செய்தி வெளியானதும் ஊர் சிரித்தது. 5,000 ரூபாயை வங்கி அதற்கு முன்பே 3,000 ஆக இறக்கியிருந்தது. பிறகு அபராதத்தைக் குறைத்தது. கடைசியாக 2020 மார்ச்சில் சுமார் 44.5 கோடி சேமிப்புக் கணக்குகளுக்கும் அதை அடியோடு எடுத்துவிட்டது. வங்கி ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

கணக்கைப் பராமரிக்கச் செலவாகிறது என்பதுதான் வங்கிகள் சொல்லும் நியாயம். செலவாகும், மறுக்கவில்லை. ஆனால் 50,000 ரூபாய் இருக்கும் கணக்கையும் 50 ரூபாய் இருக்கும் கணக்கையும் பராமரிக்கும் கம்ப்யூட்டர் ஒன்றுதான். செலவைப் பங்கிடுவதானால் எல்லாரிடமும் அல்லவா வாங்க வேண்டும்? 2025-ல் இந்த வாதம் தானாகவே உதிர்ந்தது. ஜூனில் கனரா வங்கி, ஜூலையில் பஞ்சாப் நேஷனல், பரோடா, இந்தியன் வங்கி, அக்டோபரில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று வரிசையாக அபராதத்தைக் கைவிட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி எதிர்த் திசையில் நடந்தது. நகரங்களில் புதிதாகக் கணக்குத் தொடங்குபவர்களுக்கு 10,000 ரூபாயாக இருந்த குறைந்தபட்ச இருப்பை 50,000 ஆக்கியது. எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களில் அது 15,000 ரூபாய்க்கு இறங்கியது. எவ்வளவு வைக்கச் சொல்வது என்பது வங்கிகளின் விருப்பம் என்று ரிசர்வ் வங்கி கவர்னர் சஞ்சய் மல்ஹோத்ரா சொல்லிவிட்டார்.

ரயிலுக்கு வருவோம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்ட கேள்விக்கு ரயில்வே தந்த பதில் 2024 மார்ச்சில் வெளியானது. காத்திருப்போர் பட்டியலில் இருந்து ரத்தான டிக்கெட்டுகள் மூலம் கிடைத்த வருமானம் இது:

2021: 2.53 கோடி டிக்கெட், 242.68 கோடி ரூபாய்
2022: 4.6 கோடி டிக்கெட், 439.16 கோடி ரூபாய்
2023: 5.26 கோடி டிக்கெட், 505 கோடி ரூபாய்
2024 ஜனவரி மட்டும்: 45.86 லட்சம் டிக்கெட், 43 கோடி ரூபாய்

மொத்தம் 1,229.85 கோடி. டிக்கெட் ஒன்றுக்குச் சராசரியாக 96 ரூபாய். 2021-ஐவிட 2023-ல் இந்த வருமானம் இரு மடங்குக்கும் மேல். 505 கோடி என்றால் எவ்வளவு? தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டில் விரிவாக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்துக்கு அந்த நிதியாண்டில் ஒதுக்கியது 404 கோடி. 31,008 அரசுப் பள்ளிகளில் சுமார் 17 லட்சம் குழந்தைகளுக்கான தொகை அது. இருக்கை கிடைக்காதவர்களிடம் நாடு முழுக்க ஓராண்டில் பிடித்த பணம் அதைவிட 100 கோடி அதிகம்.

தீபாவளிக்கு சென்னையிலிருந்து திருநெல்வேலி போக நினைக்கும் நால்வர் குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். ஸ்லீப்பர் கட்டணம் ஆளுக்கு 400 ரூபாயை ஒட்டி வரும், நால்வருக்கு 1,600. முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியல்தான். கடைசி வரை உறுதியாகவில்லை. சார்ட் தயாரானதும் கணினி தானாகவே டிக்கெட்டை ரத்து செய்கிறது. ஆளுக்கு 60 வீதம் 240 ரூபாய் பிடித்தம். ஐஆர்சிடிசியின் வசதிக் கட்டணம், யுபிஐயில் கட்டியிருந்தால் 10 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 11.80, திரும்பி வராது. ஆக 251.80 ரூபாய். ரயில் ஏறாமலே கட்டணத்தில் கிட்டத்தட்ட 16 சதவீதம் போயிற்று. அந்தப் பணம் ரயில்வேயிடம் இருந்த நாட்களுக்கு வட்டியா, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அதற்கப்புறம் ஆம்னி பஸ்காரரிடம் மாட்டிக்கொள்வது வேறு செலவு, அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

கவுன்ட்டரில் ஆள் உட்கார்ந்து படிவத்தை வாங்கி, பேனாவால் எழுதி, பணத்தை எண்ணித் திருப்பித் தந்த காலத்துப் பிடித்தம் இது. ஆள் போய்விட்டார், பேனாவும் போய்விட்டது, பிடித்தம் மட்டும் நிற்கிறது. உறுதியான டிக்கெட்டை ரத்து செய்யும் கட்டணம் 2015 நவம்பரில் இரட்டிப்பானது. ஸ்லீப்பருக்கு 60 ரூபாய் 120 ஆயிற்று, மூன்றடுக்கு ஏசிக்கு 90 ரூபாய் 180. அதையாவது ஒப்புக்கொள்ளலாம். எடுத்த இருக்கையை நாம் விட்டுவிடுகிறோம், அதை ரயில்வே மறுபடி விற்க வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் விட்டுவிட என்ன இருக்கிறது? இருக்கை தர முடியாமல் போனது ரயில்வேக்கு. நியாயமாகப் பார்த்தால் அபராதம் மறுபக்கம் அல்லவா போக வேண்டும்!

மூத்த குடிமக்கள் கணக்கு வேறு மாதிரி. 2020 மார்ச் 20 அன்று, கொரோனாவைக் காரணம் காட்டி, 60 வயதான ஆண்களுக்கு இருந்த 40 சதவீதச் சலுகையும் 58 வயதான பெண்களுக்கு இருந்த 50 சதவீதச் சலுகையும் நிறுத்தப்பட்டன. கொரோனா போய்விட்டது. சலுகை வரவில்லை. 2025 பிப்ரவரி வரை இதனால் ரயில்வேக்குக் கிடைத்த கூடுதல் வருமானம் சுமார் 8,900 கோடி. பயணம் ஒன்றுக்கு 100 ரூபாய் செலவானால் சராசரியாக 54 ரூபாய்தான் வாங்குகிறோம், எல்லோருக்கும் 46 சதவீத மானியம் போகிறது என்று ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் நாடாளுமன்றத்தில் சொன்னார். 2022-23-ல் அந்த மானியம் 56,993 கோடி. இந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. முதியவர்கள் குறைந்தபட்சம் ரயிலில் உட்கார்ந்து போகிறார்கள் என்பதால் இதை நான் முதல் இரண்டோடு சேர்க்கமாட்டேன்.

தேர்வுக் கட்டணத்தைச் சேர்க்கலாம். 2024 நீட் தேர்வுக்குப் பொதுப்பிரிவினர் கட்டியது 1,700 ரூபாய், பட்டியல் வகுப்பினர் கட்டியது 1,000. பதிவு செய்தவர்கள் 24 லட்சம் பேர். மருத்துவ இடங்கள் நாடு முழுக்க சுமார் 1.1 லட்சம். இந்தத் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை ஆறு ஆண்டுகளில் எல்லாத் தேர்வுகளுக்கும் சேர்த்து 3,513 கோடி வசூலித்து 3,065 கோடி செலவழித்தது என்று அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. மிச்சம் 448 கோடி. வினாத்தாள் கசிவு விவகாரத்தில் நாடே கொதித்துக்கொண்டிருந்தபோது வந்த பதில் அது.

தனியாரிடம் போனால் கொஞ்சம் நாசூக்காக எடுப்பார்கள். ஜொமோட்டோ 2023 ஆகஸ்டில் ஓர் ஆர்டருக்கு 2 ரூபாய் தளக் கட்டணம் என்று ஆரம்பித்தது. 2024 அக்டோபரில் அது 10 ரூபாய், 2025 செப்டம்பரில் 12. உணவின் விலை தனி, கொண்டுவந்து தருவதற்கான கட்டணம் தனி. செயலியைத் திறந்து வாங்கியதற்கு இது. நாளுக்கு 20 லட்சம் ஆர்டர் என்று குறைத்தே வைத்தாலும் 12 ரூபாய் வீதம் தினம் 2.4 கோடி. இரண்டு ரூபாயில் ஆரம்பித்ததுதான் சாமர்த்தியம். அப்போது யாரும் எதிர்க்கவில்லை, இப்போது எதிர்க்க நினைப்பவருக்குப் பழகிவிட்டது.

இனி ஒரு வீட்டுக் கணக்கு. இரண்டு வங்கிக் கணக்குகள், மாதம் ஒருமுறை வரம்பு தாண்டும் ஏடிஎம், ஆண்டுக்கு ஒரு கிடைக்காத ரயில் டிக்கெட், மாதம் இரண்டு ஆன்லைன் சாப்பாடு, மூன்று மாதம் இருப்புக் குறைவு என்று வைத்துக்கொள்வோம். கட்டணங்கள் 2025-ல் பரவலாக இருந்தவை, ஜிஎஸ்டி சேர்த்தது.

எஸ்எம்எஸ் (காலாண்டுக்கு 15 ரூபாய் வீதம் இரண்டு கணக்கு): 141.60
ஏடிஎம் (23 ரூபாய் வீதம் 12 முறை): 325.68
ரத்தான டிக்கெட் (நால்வர்): 251.80
தளக் கட்டணம் (12 ரூபாய் வீதம் 24 முறை): 339.84
இருப்புக் குறைவு (100 ரூபாய் வீதம் 3 மாதம்): 354.00
ஆண்டு மொத்தம்: 1,412.92 ரூபாய்

உரிமைத் தொகையில் ஏறக்குறைய ஒன்றரை மாதம். இதில் 178.92 ரூபாய் ஜிஎஸ்டி. கணக்கில் பணம் இல்லாமல் போனதற்கு வங்கி 300 ரூபாய் எடுக்க, அப்படி எடுத்ததற்கு அரசு 54 ரூபாய் வரி வாங்குகிறது. அதனால்தான் இந்தக் கட்டணங்களை ஒழிப்பதில் அரசுக்கு அவ்வளவு அவசரம் இல்லையோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

தேர்தல் வாக்குறுதிகளில் கேஸ் விலை வரும், பெட்ரோல் விலை வரும். காத்திருப்போர் பட்டியலின் 60 ரூபாயை எடுப்போம் என்று எந்தக் கட்சி மேடையிலும் நான் கேட்டதில்லை. வாக்குக் கேட்டு வருபவரிடம் நாம்தான் கேட்க வேண்டும். அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்த வங்கியும் குறைந்தபட்ச இருப்பே தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கைத் தந்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இப்போதுள்ள கணக்கையே அப்படி மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். அபராதத்தால் மட்டுமே ஒரு சேமிப்புக் கணக்கை மைனஸுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றும் விதி இருக்கிறது. பாஸ்புக்கை அச்சடித்து, பிடித்தங்களுக்கு அடியில் கோடு போட்டு, மேலாளரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியாக இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.