குழந்தைக்கு ஸ்னோபோர்டிங் கற்பிப்பது எப்படி? முதல் பாடம் விழுவதும் நிற்பதும்

குளிர்காலம் தொடங்கியதும் ஜம்மு-காஷ்மீரின் குல்மார்க், உத்தராகண்டின் ஔலி, இமாசலப் பிரதேசத்தின் சோலங் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களுக்குச் செல்லும் குடும்பங்கள், குழந்தைகளுக்குப் பனிச்சறுக்கு விளையாட்டுகளை அறிமுகம் செய்ய விரும்புவது வழக்கம். இவற்றுள், ஒரே பலகையில் இரு கால்களையும் பிணைத்துக்கொண்டு சரிவில் இறங்கும் ஸ்னோபோர்டிங் சிறுவர்களைப் பெரிதும் ஈர்க்கிறது. எனினும், ஓரிரு நாள் பயணத்திலேயே குழந்தை உயரமான சரிவில் இறங்கிவிட வேண்டும் என்ற அவசரமே பல காயங்களுக்கு வழிவகுக்கிறது.

குழந்தைகளுக்காகப் பிறந்த விளையாட்டு

இவ்விளையாட்டின் தொடக்கமே குழந்தைகளுடன் தொடர்புடையது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர், 1965-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று தம் மகள்களின் விளையாட்டுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளை ஒன்றாக இணைத்தார். 'ஸ்னர்ஃபர்' எனப் பெயரிடப்பட்ட அப்பலகையே இன்றைய ஸ்னோபோர்டின் முன்னோடியாகும். 1998-ஆம் ஆண்டு ஜப்பானின் நாகனோ நகரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டிங் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது.

எந்த வயதில் தொடங்கலாம்?

இதற்கு ஒரே விடை இல்லை. ஏழு அல்லது எட்டு வயதுக்குப் பின்னர் தொடங்குவதே முன்பு பொதுவான வழக்கமாக இருந்தது. வளைந்து கொடுக்கும் சிறிய பலகைகளும் மென்மையான காலணிகளும் வந்தபின், மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் விளையாட்டு முறையில் பயிற்சி அளிக்கப்படுகிறது. வயதைக் காட்டிலும், சொன்னதைக் கேட்டுச் செய்யும் பக்குவமும் குழந்தையின் சொந்த விருப்பமுமே முக்கியம்.

சிறு குழந்தைகளின் தலை, உடலோடு ஒப்பிடுகையில் பெரியது. கணுக்கால் வலுவும் குறைவு. எனவே அவர்கள் எளிதில் நிலை தடுமாறுவர். அதனைப் பெற்றோர் திறமைக் குறைவாகக் கருதக் கூடாது.

மணிக்கட்டுக்கு ஏன் ஆபத்து?

ஸ்கீயிங்கில் இரு கால்களும் தனித்தனிக் கட்டைகளில் இருக்கும். விழும்போது கட்டை காலிலிருந்து விடுபடும். ஸ்னோபோர்டிங்கில் இரு கால்களும் பலகையோடு பிணைக்கப்பட்டே இருப்பதால், தடுமாறும் குழந்தையால் ஒரு காலை எடுத்து ஊன்ற முடியாது. இயல்பாகவே கைகளை நீட்டி ஊன்றுகிறது. இதனால்தான் புதிதாகக் கற்போருக்கு மணிக்கட்டு முறிவு அதிகம் ஏற்படுகிறது.

ஆகவே, பலகையில் ஏறும் முன்பே விழக் கற்பிக்க வேண்டும். முன்புறம் விழும்போது முழங்கால்களும், பின்னர் முன்கைகளும் தரையைத் தொட வேண்டும். விரல்கள் மடங்கியிருக்க வேண்டும். பின்புறம் விழும்போது, கைகளை ஊன்றாமல் தாடையை மார்போடு சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தவாறு உருள வேண்டும்.

தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, கையுறை, கண்ணாடி ஆகியவை கட்டாயம். அடுத்த ஆண்டுக்கும் உதவும் என்று பெரிய அளவுக் காலணி வாங்குவது தவறு. பாதம் உள்ளே அசைந்தால் பலகை கட்டுப்பாட்டில் இராது. பலகையை நிமிர்த்தி வைத்தால், அது குழந்தையின் மார்புக்கும் தாடைக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருப்பது தொடக்கநிலைக்கு ஏற்றது.

பயிற்சியின் படிகள்

முதலில் சமதளம். எந்தக் கால் முன்னே இருந்தால் குழந்தைக்கு வசதி என்பதை, வழுக்கும் தரையில் காலுறையுடன் சறுக்கவிட்டே அறியலாம். அடுத்து, முன்காலை மட்டும் பலகையில் பிணைத்து, மறுகாலால் உந்தி நகரப் பழக்க வேண்டும்.

பின்னர் மிக மென்மையான சரிவு. பலகையைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, குழந்தை கீழ்நோக்கிப் பார்த்தவாறு குதிகால் பக்க விளிம்பில் எடையை வைத்து மெல்ல வழுக்கி இறங்க வேண்டும். பயிற்றுநர் எதிரே நின்று கைகளைப் பிடித்துக்கொள்வார். விளிம்பை அழுத்தினால் பலகை நிற்கும், சற்றுத் தளர்த்தினால் நகரும் என்பதைக் குழந்தையின் கால்கள் உணர்வதே இப்பயிற்சியின் நோக்கம்.

எடை எப்போதும் மேட்டுப்பக்க விளிம்பிலேயே இருக்க வேண்டும். பள்ளப்பக்க விளிம்பு பனியில் சிக்கினால் குழந்தை திடீரென வீசி எறியப்படும். குறிப்பாக, மேட்டை நோக்கி நின்று இறங்கும்போது இவ்வாறு நேர்ந்தால் பின்மண்டை தரையில் மோதும். மென்மையான சரிவிலும் தலைக்கவசத்தைக் கழற்றக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அடுத்த நிலை, உதிரும் இலை காற்றில் அசைவதுபோல் இடமும் வலமும் மாறி மாறி இறங்குவது. இதில் தேர்ந்த பிறகே திருப்பங்கள். தான் விரும்பிய இடத்தில் நிற்கத் தெரியாத குழந்தையை அடுத்த சரிவுக்கு அழைத்துச் செல்லக் கூடாது.

உயரமும் வெயிலும்

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள கோண்டோலா ரோப் காரின் இரண்டாம் கட்டம், அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரம் வரை செல்கிறது. அப்பகுதியின் செங்குத்தான, சமன்படுத்தப்படாத சரிவுகளில் பனிச்சரிவு அபாயமும் உண்டு. புதிதாகக் கற்கும் குழந்தைகளுக்குக் கீழேயுள்ள புல்வெளிப் பகுதியின் மென்சரிவுகளே உரியவை.

சமவெளியிலிருந்து வரும் குழந்தைக்கு முதல் நாள் ஓய்வு தேவை. தலைவலி, வாந்தி, பசியின்மை தென்பட்டால் அவை உயரத்தால் ஏற்படும் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். புதிய பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை பிரதிபலிக்கும் என்பதால், குளிரிலும் கண்ணுக்கும் தோலுக்கும் பாதுகாப்பு வேண்டும்.

குறுகும் பனிக்காலம்

2024 ஜனவரியில் வழக்கமான பனிப்பொழிவு இன்றிக் குல்மார்க் வறண்டு கிடந்தது. 2025-ஆம் ஆண்டு அங்கு பிப்ரவரியில் நடைபெறவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள், போதிய பனி இல்லாததால் மார்ச் மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டன. பனி கிடைக்கும் நாட்கள் குறையும்போது, கிடைத்த நாளிலேயே எல்லாவற்றையும் கற்பித்துவிடும் எண்ணம் வலுப்பெறுகிறது. ஆனால், களைத்த குழந்தையின் கால்கள் விளிம்பைத் தாங்குவதில்லை. ஒரு மணி நேரப் பயிற்சிக்குப் பின் ஓய்வளிப்பதும், குழந்தை போதும் என்றால் நிறுத்திவிடுவதும் நல்லது.

விழுந்தபின் மணிக்கட்டு வீங்கினால் நீவிவிடாமல், அசையாதபடி கட்டி மருத்துவரிடம் காட்ட வேண்டும். வளரும் குழந்தைகளின் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தகடுகள் பாதிக்கப்பட்டால், பின்னாளில் எலும்பு வளர்ச்சியே தடைபடக்கூடும்.

குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின்கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் பனி விளையாட்டுப் பயிற்சிகளை நடத்துகிறது. மணாலி, ஔலி ஆகிய இடங்களிலும் அரசு சார்ந்த அமைப்புகள் ஸ்கீயிங் பயிற்சி அளிக்கின்றன. வயது வரம்பையும், ஸ்னோபோர்டிங் பயிற்றுநர் உள்ளாரா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிந்து பயணத்தைத் திட்டமிடுவது பெற்றோரின் பொறுப்பு. பலகையைத் தானே நிறுத்தக் கற்றுக்கொண்டு குழந்தை ஊர் திரும்பினால், முதல் பயணத்துக்கு அதுவே போதுமான வெற்றி.